உயரம் 3.2

கரா யுரேக் ஆற்றை வரையப் போன கோடையில்
சூரியன் மறையவேயில்லை.
எப்போது உறங்கினோம் என்பதைக்
குறிப்பேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

தியோடலைட்டின் பின்னால் ஒற்றைக் கண்ணாக நின்றான் வெனியமின்.
அளவுக்கோலைத் தூக்கிக்கொண்டு
அமுங்கும் பாசியில் முழங்கால் புதைய நடந்தவள்
அக்குலினா.
மரங்கள் அவள் இடுப்பைத் தாண்டாத நாடு அது.
கோலோடு அவள் நின்றால்
அவ்வளவு சமவெளிக்கும் அவள்தான் சிகரம்.

கடல்மட்டத்துக்குச் சாட்சியாக
உறைமண்ணில் அடித்திருந்த இரும்புக் குழாயை
ஒரே குளிர்காலம்
நான்கு விரற்கடை மேலே தள்ளியிருந்தது.
"நிலத்துக்குப் பல் முளைக்கிறது" என்றாள்.
வெனியமின் சிரிக்கவில்லை.
குழாயை நம்பினால்
எல்லாக் குன்றுகளும் நான்கு விரற்கடை குள்ளம்.
இருட்டாத இரவுகளில்
ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினான், பென்சிலால்.

பலகையில் தாள் விரித்துக் கோடிழுப்பது என் வேலை.
கொசுக்களைப் பற்றிச் சொல்ல மாட்டேன்,
நம்ப மாட்டீர்கள்.
ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்.
ஆற்றின் மூன்றாம் வளைவில், தாளின்மேல்,
என்னைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.
அடித்தேன்.
துடைத்தேன், போகவில்லை.
மழை வந்தது. சுருட்டி வைத்தேன்.

அடுத்த வசந்தத்தில் லெனின்கிராத்திலிருந்து
அச்சான தாள் வந்தது.
மூன்றாம் வளைவில் ஒரு தீவு.
நேர்த்தியான கரை, பழுப்பு மை,
நடுவில் உயரம் 3.2.
உயரமில்லாமல் ஒரு தீவை விட்டுவைக்க
மனம் வராத யாரோ ஒரு நல்ல மனிதர்.

ஆற்றின் வழியே விரலோட்டி வந்த அக்குலினா
அங்கே நின்றாள்.
"இது இல்லையே."
"என் ரத்தம்" என்றேன்.
தாளைப் பார்த்தாள், என் கழுத்துத் தழும்புகளைப் பார்த்தாள்,
தேநீர் ஊற்றினாள்.

திருத்தக் கடிதம் எழுதினேன், கார்பன் நகலோடு.
தபால் விமானம் மூடுபனியில் திரும்பிப் போயிற்று.
அடுத்த விமானத்தில் அனுப்பவில்லை:
வெனியமினுக்கு அந்த மாதம்தான் பதக்கம் அறிவித்திருந்தார்கள்.

ஆகஸ்டில் ரேடியோ கரகரத்தது.
புது விமானி. மடியில் எங்கள் வரைபடம்.
அந்தத் தீவில் இறங்கலாமா,
மணல் கெட்டியா என்று கேட்கிறான்.
நான் வாய் திறக்குமுன்
அக்குலினா பிடுங்கிக்கொண்டாள்.
"இந்த வாரம் வெள்ளம். தீவு முழுகிக் கிடக்கிறது.
கூடாரத்துக்கு எதிர்க்கரையில் இறங்கு."

வைத்துவிட்டு
கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனாள்.
ஆறு
கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்தது.