ஒன்பது மணி

லேபிளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து
நகத்தால் சுரண்டினேன்.
மிளகாய்த்தூள் டின்னுக்குள் புதைந்தது போத்தல்.
சமையல்காரனின் டின்னை யார் திறப்பது?

"என்ன மருந்து, குரூஸ்?" என்றான் சுனிமல்.
பிரஷர் என்றேன்.
முப்பத்திரண்டு வயதில் பிரஷரா என்று
டீசல் பீப்பாயில் தட்டிச் சிரித்தான்.

முகத்துவாரத்தில் கிளம்பும்போது
இருபத்தெட்டு நாள் என்றார்கள்.
கிளினிக்கில் மிஸ் கேட்டார்: எப்ப வருவீங்க?
ஐஸ் கரையும்போது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
முப்பதுக்குப் பதில் தொண்ணூறு எண்ணித் தந்தார்.

நாற்பத்தொன்றாம் நாளும் கடல்.
மீன் இல்லை, அரிசியில் வண்டு.
வலை இறக்கிய களைப்பில்
பலகையோடு பலகையாகக் கிடந்தேன்.
காலால் எத்தி எழுப்பினான் சுனிமல்:
"ஒன்பது மணியடா. உன்ட பிரஷர்."

அதற்குப் பிறகு தினமும் யாராவது கூப்பிட்டார்கள்,
சுக்கான் பிடிக்கிறவன்கூட.
தெரிந்து கூப்பிட்டார்களா, தெரியாமலா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

கரைக்கு வந்து இரத்தம் கொடுத்தேன்.
அடுத்த கிழமை மிஸ் கடதாசியைத் திருப்பிக் காட்டினார்:
வைரஸ் எண்ணிக்கையில் அகப்படவில்லை.
உள்ளுக்குள்ள இருக்கு, மருந்தை மட்டும் விட்டிராதீங்க.
வெறும் வலையைப் பார்த்து
நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வெளியே வாங்கில் மரியசெல்வி.
இரண்டாம் முறையும் அவள் கடதாசியில் "இல்லை".
நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.
பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை.
ஆமர் வீதியில் பஸ் மாறும்போது மட்டும்
அடுத்த முறை எத்தனை நாள் என்று கேட்டாள்.
என் கையிலிருந்த போத்தலை வாங்கி
காதருகே குலுக்கிப் பார்த்தாள்.