கிளிமூக்கு

ராக் என்றால் கல்தானே என்று
தஸ்தகீர் சொல்லப்போய்க் கிடைத்த பெயர்:
நாலு மணி வெடி.
பர்கூருக்கு வெளியே மூடிக்கிடந்த
கிரானைட் பாலிஷ் ஷெட்டில் ஒத்திகை.
குவாரியில் வெடி வைக்கும் நேரம் போக
மற்ற நேரமெல்லாம் சத்தம் எங்களுடையது.
நாங்கள் நாலு பேர். கூரைத் தகரம் ஐந்தாவது.

ஒன்பது பாட்டு செய்தோம்.
சாவு பற்றி நான்கு, மின்வெட்டு பற்றி ஒன்று,
மீதி எதைப் பற்றி என்று
எழுதிய இன்பசீலனுக்கே தெரியாது.
ஓசூரில், மணிக்கு இருநூறு ரூபாய் ஸ்டுடியோ.
கடைசி நாள் நாற்பது நிமிடம் மிச்சம்.
காசு கொடுத்தாயிற்று, வீணாக்குவானேன் என்று
பத்தாவதாக ஒன்று பாடினோம்.

    பெங்களூரா மாம்பழமே
    பெங்களூரு போனாயா?
    போனேன் போனேன், போன இடத்தில்
    யாரு நீயின்னு கேட்டாங்க.

சந்தையில் அது பெங்களூரா.
எல்லை தாண்டினால் தோத்தாபுரி.
வீட்டில் கிளிமூக்கு.
மூன்று பெயருக்கும் ஒரே ரேஷன் கார்டு கேட்டு
ஒரு மாம்பழம்
தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கிறது.
அவ்வளவுதான் பாட்டு.
பிலோமின்ராஜ் கித்தாரைக் கிளி மாதிரி கத்தவிட்டான்.
இரண்டாம் சரணத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு
குச்சி கை நழுவியது.
விழுந்த சத்தமும் தாளத்தில்தான் இருந்தது.
மூன்றாம் சரணம் எழுதியிருக்கவில்லை,
லாலா போட்டு முடித்தோம்.

"இது வெளியே வந்தால்
கடைசிவரை நாம மாம்பழக்காரங்கதான்"
என்றான் இன்பசீலன்.
தலையாட்டினோம். இருபத்திரண்டு வயது.
சாவின் மேல் அவ்வளவு மரியாதை எங்களுக்கு.

முந்நூறு சிடி போட்டோம்.
நாற்பது, சொந்தக்காரர்கள் வாங்கினார்கள்.
நூறு, என் மாமனார் தோப்பில்
கிளி விரட்ட நூலில் தொங்குகின்றன.
வெயிலில் நன்றாக மின்னும்.
மிச்சம் கட்டிலுக்கு அடியில்.
பத்தாவது பாட்டு மட்டும் யாரிடமும் இல்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது நான் கூழ் ஆலைகளுக்குக்
கன்வேயர் பெல்ட் விற்கிறேன்.
போன ஜூனில் காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஆலை.
வாசலில் எழுபது டிராக்டர், கிலோ நாலரை,
நேற்று வந்த பழம் இன்னும் இறங்கவில்லை,
ஈ. புளித்த வாசனை.
கூடை கைமாற்றிக்கொண்டே பாடுகிறார்கள்.
வேகம் பாதி. மெட்டு கொஞ்சம் தெலுங்குப் பக்கம் சாய்ந்திருந்தது.
லாலா இருந்த இடத்தில் லாலா இல்லை.

ஸ்டுடியோப் பையன்தான் போனில் ஏற்றியிருக்க வேண்டும்.
அவனிடமிருந்து யார், யாரிடமிருந்து யார்,
எனக்குத் தெரியாது.

"இது எங்க பாட்டு" என்றேன்.
திம்மராயன் என்பவர், தோளில் கூடையோடு,
என் சட்டைப்பை பேனா வரை பார்த்தார்.
"உங்க பாட்டா? அப்ப மூணாவது சொல்லு."
எனக்கு வரவில்லை.
கூடையை இறக்காமலே அவர் சொன்னார்:

    மூக்கு நீண்ட மாம்பழமே
    டப்பாவுக்குள்ள போனாயா?
    போனேன் போனேன், போன இடத்தில்
    பேரு மட்டும் அல்போன்சா.

வரிசை முழுக்கச் சிரித்தது.
சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.
நான் பெல்ட் அளவு எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

தஸ்தகீருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.
ரியாத்திலிருந்து பதில், நாலு விநாடி:
பேஸ் கித்தார், வாயாலேயே.
பிலோமின்ராஜ் எலத்தகிரியில் பூசை முடிந்து கேட்டுவிட்டு
"யாருடா எழுதினது" என்று மட்டும் அனுப்பினான்.

இன்பசீலன் தர்மபுரியில் வங்கியில் இருக்கிறான்,
விவசாயக் கடன் பிரிவு.
முழுவதும் கேட்டான்.
"நாலரையா?" என்றான் முதலில்.
அப்புறம், "அந்த மூணாவது, இன்னொரு தடவை."
சொன்னேன்.
பின்னால் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

"நாம எழுதியிருந்தா" என்றான்,
"அந்த மாம்பழத்தையும் சாகடிச்சிருப்போம்."

டோக்கன் நூற்றுப் பதினேழு, என்றது இயந்திரம்.
வைத்துவிட்டான்.