நூறு கிலோமீட்டருக்கு நாலு புள்ளி ஒன்று

விற்பனைக்காரன் பெயர் லோயிக்.
அவன் பல்வரிசையிலேயே தள்ளுபடி தெரிந்தது.
"பிரேக்கை மிதித்தால் மின்சாரம், மேடம்.
நிற்கும்போதெல்லாம் எரிபொருள் மிச்சம்."
நான் எங்கே நிற்கிறேன், லோயிக்?

உவெல்கோவில் ஆறரைக்கு இன்சுலின்,
ப்ராஸ்பாரில் ஏழேகாலுக்குக் கால்புண் கட்டு,
பிறகு அரே குன்றுகளின் முதுகில் ஏறி
மூடுபனிக்குள் மூன்று பண்ணை வீடுகள்.
நாளுக்கு நூற்றெழுபது கிலோமீட்டர்.
வழியில் சிக்னல் ஒன்றே ஒன்று,
அதுவும் பழுது.

பதினோரு வருட ரசீதுகள்
கையுறைப் பெட்டியில், ரப்பர் வளையத்துக்குள்.
ஐந்தாம் கியரில் எண்பதில் விட்டால்
கிழட்டுப் பூனை பால் நக்குவதுபோல்தான் குடிக்கிறது
என் டீசல்.
இருக்கைத் துணி கிழிந்திருக்கிறது. கணக்கு கிழியவில்லை.

நாத்தனார் அனாயிக் ஹைபிரிட் வாங்கியதும்
பாஸ்கா விடுமுறையில் பந்தயம் கட்டினோம்.
பிரெஸ்த்தில் ஒரே பம்பில் வாய்வரை நிரப்பி
ரென் வரைக்கும் ஒருவர் பின் ஒருவர்,
முந்தக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது.
போய்ச் சேர்ந்து மறுபடி நிரப்பினால்
என் பத்து லிட்டருக்கு அவளுக்குப் பன்னிரண்டரை.
சைடருக்குக் காசை எண்ணி வைத்துவிட்டு
"ஊருக்குள் வா, நெரிசலில் பார்க்கலாம்" என்றாள்.
அதுவும் சரிதான்.
ஊருக்குள் நான் போகவேண்டுமே.

பிப்ரவரியில், உறைபனி வெளுத்த ஒரு காலை,
ஃபான்ஷ் கெர்மாரெக் வீட்டுச் சமையலறை ஜன்னலடியில்
எஞ்சினை அணைக்காமல் விட்டு உள்ளே போனேன்.
ஐந்து நிமிட வேலைதான், திரும்பும்போது கதகதப்பாக இருக்கட்டுமென்று.
முப்பது வருடம் ஸ்லேட் பாறை உடைத்தவர்.
நெஞ்சுக்குள் அந்தக் குவாரித் தூசி,
மூக்கில் ஆக்சிஜன் குழாய்.
கையை நீட்டியபடி சொன்னார்:
"நீ வந்துவிட்டாய் என்று
முதலில் என் நுரையீரல் சொல்லும்,
அப்புறம்தான் காது."
வேடிக்கையாகத்தான் சொன்னார்.
நானும் சிரித்தேன்.
ஊசி நரம்பைத் தவறவிட்டது.

அன்றிலிருந்து வண்டி கீழே, தேவாலயத்து மதிலோரம்.
அங்கிருந்து மேட்டில் இருநூறு மீட்டர்,
பெரும்பாலும் மழையில், பையோடு.
அந்த இருநூறு மீட்டர்
என் எந்த ரசீதிலும் இல்லை.
நாலு புள்ளி ஒன்று என்று யாரிடமாவது சொல்ல வாய் திறந்தால்
இப்போதெல்லாம் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.

லோயிக் தந்த தாளைக் கிழிக்கவில்லை,
கையெழுத்தும் போடவில்லை.
ரசீதுகளோடு அதே ரப்பர் வளையத்தில் கிடக்கிறது,
வளையம்தான் வெடிக்கப் பார்க்கிறது.

நேற்று ஃபான்ஷ் கேட்டார்:
"ஏன் நனைந்து வருகிறாய், வண்டியை விற்றுவிட்டாயா?"
"டீசல் மிச்சம்" என்றேன்.
"இவ்வளவு கஞ்சமா!" என்று
சிரிக்கத் தொடங்கி
இருமலில் முடித்தார்.
முதுகைத் தட்டிக்கொண்டே
ஜன்னலை ஒருமுறை பார்த்தேன்,
சாத்தித்தான் இருந்தது.