நான்காம் பக்கத்து வாளி

இருபத்து நான்கு பக்கம், எட்டுப் படம்,
ஏழு முதல் ஒன்பது வயதுவரை.
சாந்தியாகோவிலிருந்து வந்த கடிதத்தில்
நான்காம் பக்கத்தை அவர்களே எழுதியிருந்தார்கள்:
சிறுமி எல்சிரா கரையில் நிற்கிறாள்.
கடலைப் பார்க்கிறாள்.
அவள் கண்களில் கனவு.

எல்சிரா பர்ரியா,
சிலோயேத் தீவின் தெற்கு நீரிணைகளில்
கப்பல்களுக்கு வழிகாட்டியவள்.
நாற்பது வருடத்தில்
ஒன்றைக்கூடத் தரைதட்ட விடாதவள்.
பாறைகளுக்கு அவள் வைத்த பெயர்கள்
பெரும்பாலும் வசவுகள்.
(அதையும் எழுதக் கூடாது.)

அவள் சின்ன வயதைப் பற்றிக் கிடைத்தது
ஒரு பள்ளிப் பதிவேடு, மூன்று வரி.
காஸ்த்ரோவில், பங்குக் கோயிலின் பின்னறையில்,
குளிருக்குக் கையுறையோடு பக்கம் புரட்டினேன்.

மார்ச்: பொன்னுக்கு வீங்கி. பதினோரு நாள் வரவில்லை.
ஜூன்: தோமாசா ஒயார்சுனின் ரொட்டியைத் தின்றாள். முட்டி போட வைத்தோம்.
அக்டோபர்: திருவிழாவுக்குப் படகேற மறுத்தாள்.
தூக்கி ஏற்றினோம். மூன்று முறை வாந்தி.
திரும்பி வரும்போது வாளியை யாருக்கும் தரவில்லை.

மூன்றாவது வரியை
விரல் வைத்துத் திரும்பப் படித்தேன்.
வாசலில் எவருடைய ஈரக் குடையோ
சொட்டிக்கொண்டிருந்தது.

தோமாசாவுக்கும் அதே பதிவேட்டில் இடமுண்டு:
கணக்கில் முதல்.
படகில் கால் வைத்ததும் பாட ஆரம்பித்துவிடுவாள்.
அவளைப் பற்றி
யாரும் என்னிடம் புத்தகம் கேட்கவில்லை.
ரொட்டி போனதோடு சரி.

தொலைபேசியில் பதிப்பாசிரியர் மிரேயா சிரித்தார்.
"வாந்தி விற்காது, நொல்ஃபா.
விளையும் பயிர் முளையிலேயே தெரிய வேண்டாமா?"

தெரியலாம், கோதுமை என்றால்.
இது உருளைக்கிழங்குத் தீவு.
மேலே தெரிவது இலை.
அடியில் இருப்பது கைப்பிடியா, கோலிக்குண்டா,
வெறும் அழுகலா,
மண்வெட்டி இறங்கும்வரை
செடிக்கே தெரியாது.

இதை அவரிடம் சொல்லவில்லை.
வாடகை பாக்கி இருந்தது.
கண்களில் கனவு என்று
அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன்.

படம் போட்டவன் ருபெர்த்தோ மன்சில்யா.
பதிவேட்டின் நகலை அவனுக்குக் காட்டியிருந்தேன்,
வேறொன்றும் சொல்லவில்லை.
அவன் வரைந்த நான்காம் பக்கத்தில்
கரை, கடல், கனவு எல்லாம் இருந்தன.
சிறுமியின் கால் பக்கத்தில்,
பாவாடை நிழலில் பாதி மறைந்து
ஒரு வாளி.

"சிப்பி பொறுக்கப் போகிறாளா? அழகு!"
என்று எழுதினார் மிரேயா.
அச்சானது.

ஆகஸ்டில் ஒரு குட்டித் தீவின் பள்ளிக்கு
வாசித்துக் காட்டப் போனேன்.
பதினான்கு பிள்ளைகள், ஒரு விறகடுப்பு,
தகரக் கூரையில் மழை.
கனவு வந்த இடத்தில்
என் குரல் தானாகத் தணிந்தது.

"வாளியில் என்ன?"

கேட்டவன் கடைசி பெஞ்சு, பெயர் எலியாசர்.
காலையில் அக்கரையிலிருந்து வந்தவன்,
முகத்தில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை.
ஆசிரியையைப் பார்த்தேன்.
அவர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.
சொல்லிவிட்டேன்.

பதிமூன்று பேர் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.
"மூன்று தடவையா?" என்றான்.
"மூன்று."
"போகும்போது மட்டும்தானே?"
"வரும்போது என்ன ஆச்சு என்று எழுதியில்லை."
தலையாட்டிக்கொண்டான்,
சந்தைக்கடையில் நிறை பார்த்துத் திருப்தியானவன்போல.
பச்சைப் பென்சில் எடுத்து
தன் பிரதியில் வாளிக்குள்
அழுத்தி, நன்றாக அழுத்தி
வண்ணம் தீட்டினான்.

மாலைப் படகில் நாங்கள் இருவரும்தான்,
ஓட்டுபவரைத் தவிர.
காற்று மாறியிருந்தது.
அவன் முழங்கால்களுக்கு நடுவே
மஞ்சள் வாளி, கைப்பிடியில் கயிறு.
புத்தகம் சட்டைக்குள்.

நடு நீரிணையில்
நான் பேசுவதை நிறுத்தினேன்.
அடிவானத்தைப் பார்க்கச் சொல்வார்கள், பார்த்தேன்.
கடலைப் பார்க்கும் பெண்,
கண்களில் என்னவோ.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் கவனித்தான்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
வாளியைக் காலால் தள்ளி
எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தான்.