கைக்குத் தெரியாதது

திங்கள்: நானூற்றுப் பன்னிரண்டு அடி.
செவ்வாய்: முந்நூற்று ஆறு.
புதன்கிழமை நான் செத்துப்போயிருக்க வேண்டும்:
தொண்ணூற்றொன்று.

சுகாதார நிலையத்திலிருந்து தியாஷா கூப்பிட்டாள்.
குரலில் சர்க்கரை போட்டுக் கலக்கியிருந்தாள்.
"உடம்புக்கு முடியவில்லையா, திருமதி அல்பீனா?
மூன்று நாளாய் வீட்டைவிட்டு நகரவே இல்லையே."

அந்தப் புதன்கிழமைதான் நான்
இசோலா துறைமுகத்தின் கடைசி விளக்குவரை போனேன்.
போரா காற்று மலையிலிருந்து இறங்கி
பாய்மரக் கம்பிகளைத் தாறுமாறாய் அடித்துக்கொண்டிருந்தது.
ஃபுல்வியோவிடம் அரைக் கிலோ மத்தி வாங்கி
நடைவண்டிக் கூடையில் வைத்து
ஏற்றத்தில் மூன்று இடங்களில் நின்று
வீடு வந்து பொரித்துத் தின்றேன்.
தின்றதற்கு முள் சாட்சி.
நடந்ததற்கு?

அவளிடம் இதைச் சொல்லவில்லை.
எழுபத்தெட்டு வயதில்
நடந்தேன் நடந்தேன் என்று
யாரிடமும் மன்றாட முடியாது.
"கொஞ்சம் சளி" என்றேன்.

ராத்திரி மக்காச்சோளக் களி கிண்டினேன்.
கட்டிதட்டாமல் கிண்ட வேண்டும், கால்மணி நேரம்.
அடுப்பைவிட்டு நகரவில்லை.
கடிகாரம் சிலிர்த்தது:
அறுநூறு அடி, அருமை, தொடருங்கள்!

அப்போதுதான் புரிந்தது.
இந்தக் கழுதை கையைப் பார்த்துக்
காலுக்குக் கணக்கு எழுதுகிறது.
என் கையோ
வெளியே போனால் வண்டிப் பிடியை விடாது.
விட்டால் விழுவேன்.

முப்பத்தொரு வருஷம் மீன் ஆலையில் நின்றேன்.
தலையைக் கிள்ளு, குடலை உருவு, டப்பாவில் அடுக்கு.
கை ஓடியது, கால் மரத்தது.
அன்று இது இருந்திருந்தால்
நின்ற இடத்திலேயே வியன்னாவரை போயிருப்பேன்.
இன்று கால் போகிறது, கை சும்மா இருக்கிறது,
சும்மா இருப்பது நான் என்று ஃபோன் வருகிறது.

பழைய காலுறையை வெட்டினேன்.
குளியலறை முக்காலியில் உட்கார்ந்து
மூச்சுப் பிடித்துக் குனிந்து
கணுக்காலில் கட்டினேன்.
ஒருவழியாக அது என் காலில் விழுந்தது.

வியாழன்: மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.
திரையில் குட்டிக் குட்டி வாணவேடிக்கை.

காப்பிக் கடை வாசலில்
லோய்ஸே என் காலையே பார்த்தார்.
வீட்டுக்காவல் கைதிகளுக்குத்தான்
அந்த இடத்தில் கட்டுவார்கள்.
கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி
"என்ன நடந்தது, அல்பீனா?" என்றார்.
"கால்தான்" என்றேன்.

தியாஷா மறுபடி கூப்பிட்டாள்.
சளி குணமானதற்கு வாழ்த்துச் சொன்னாள்.
இந்த முறை சொல்லிவிட்டேன்,
களி, காலுறை, எல்லாம்.
மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை.
பிறகு காகிதம் புரளும் ஓசை.
"வண்டியோடு நடப்பவர்கள்
என் பட்டியலில் இன்னும் பதினோரு பேர்.
எல்லோருக்கும் கடிதம் போட்டுவிட்டேனே,
இன்னும் கொஞ்சம் முயலுங்கள் என்று."

அடுத்த செவ்வாய் கூட்ட அறையில்
பன்னிரண்டு நடைவண்டிகள்,
நீட்டிய பன்னிரண்டு கால்கள்.
தியாஷா தரையில் மண்டியிட்டு
ஒவ்வொன்றாய்ப் பட்டை மாட்டினாள்.
ஒரு கிழவிக்குக் கூச்சம், கெக்கெக்கே என்று சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பதினோரு பேருக்கு எண் ஏறியது.
போரிஸ்லாவுக்கு மட்டும் ஏறவில்லை.
இருநூறு, நூற்று எண்பது, இருநூறு.
காலை மாற்றிக் கட்டினாள்,
கடிகாரத்தையே மாற்றினாள்.
அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதன்மேல் தப்பில்லை" என்றார் கடைசியில்.
"நான் எங்கும் போகவில்லை.
போய் என்ன செய்ய?"

யாரும் பேசவில்லை.
தியாஷா பேனாவை மூடினாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது.
"மத்தி எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும்" என்றேன்.
"ஏழரைக்கு வெளியே நில்லுங்கள்.
உங்கள் முன்சக்கரம் கிறீச்சிடுகிறது,
எண்ணெய் நான் கொண்டுவருகிறேன்."

வருவாரா, தெரியாது.
சின்னப் புட்டியில் எண்ணெய் ஊற்றி
கூடையில் வைத்திருக்கிறேன்.