நனைத்து, முப்பது நொடி

அயோவா, ஜூன்.
இரவல் ரப்பர் பூட்ஸில்
பதினோரு ஆசிரியர்கள் ஓடைக்குள்.
கல்லைப் புரட்டிப் பூச்சி எண்ணச் சொன்னார்கள்.
பூச்சி இருந்தால் தண்ணீர் பிழைத்திருக்கிறதாம்.
எண்ணி முடிக்க ஒரு கை போதுமாயிருந்தது.

பிறகு காகிதப் பட்டை.
நனைத்து, முப்பது நொடி.
பாலத்தடியில் வெளிறிய ரோஜா நிறம்.
வளைவு தாண்டி, சோளக்காட்டின் அடிவயிற்றிலிருந்து
ஒரு குழாய் ஊற்றும் இடத்தில்
ஈறு சிவப்பு.

"யார் நிலம்?"
படிவத்தில் அதற்கொரு கட்டம்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் மார்லிஸ் ஹவ்லிசெக்
எழுத்துக்கூட்டிச் சொன்னாள்
தன் குடும்பப் பெயரை.
யாரும் நிமிரவில்லை.

மதியம் வரைபடம்.
மேட்டில் விழுந்த மழைத்துளி
எங்கே போகும் என்று கோடிழுக்க வேண்டும்.
இழுத்தாள்:
உரமூட்டை அடுக்கிய கொட்டகை, குழாய், ஓடை,
பள்ளிக்கூடத்துக் குடிநீர்த் தொட்டி.
பென்சிலை எங்கும்
தூக்க இடமில்லை.