ஐந்தாம் வார்த்தை

இந்த வருடம் பெரிய வெள்ளி
தண்ணீர்த் திருவிழாவின் நடுவில் வந்து விழுந்தது.
யாரைக் குறைசொல்ல?
அது நிலாவைப் பார்த்து வருகிறது, இது சூரியனைப் பார்த்து.

மோல்மேனில் ஒரே சபைக்குள்
ஏழு தமிழ்ப் பிரசங்கிகள் கிடைக்கமாட்டார்கள்.
ஆகவே மெதடிஸ்டுக் கோயிலில் கூடி
பன்னிரண்டு முதல் மூன்று வரை
ஆளுக்கொரு சிலுவை வார்த்தை பேசுவதென்று
பத்து வருட ஒப்பந்தம்.
முதல் வார்த்தை பாப்டிஸ்டு ஞானாதிக்கம் ஐயருக்கு.
மன்னிப்பைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்,
அதையும் மன்னித்திருக்கிறோம்.

ஐந்தாவது எனக்கு.
நான் ஆங்கிலிக்கன்,
ரப்பர் மண்டியில் கணக்கு எழுதுகிறவள்,
அந்தப் பீடமேறும் முதல் பெண்.
இருப்பதிலேயே சின்ன வார்த்தை, பயப்படாதே என்றார்கள்.
தாகம்.

கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. நான்கு பக்கம் மையெழுத்து.
சைக்காக்காரன் வரமாட்டேன் என்றுவிட்டான்;
நனைய விரும்பாதவரை ஏற்றினால் அவனையும் விடமாட்டார்களாம்.
கடைத்தெரு முனையில்
தனக்கா பூசிய கன்னமும் கொண்டையில் வேங்கைப் பூவுமாக ஒரு சிறுமி
கிண்ணத்தில் நாவல் கொழுந்தைத் தோய்த்துக்கொண்டு
ஊற்றட்டுமா அத்தை என்று பர்மியத்தில் கேட்டாள்.
அனுமதி கேட்பவளிடம் எப்படி மறுப்பது?
தோளில் ஒரு கிண்ணம். போன வருடத்து அழுக்கு போகட்டும் என்றாள்.
அவள் கேட்டாள்;
பந்தலில் இருந்த ரப்பர்க் குழாய் கேட்கவில்லை.
அதுவும் எங்கள் மண்டிச் சரக்காக இருக்கலாம்.

சொட்டச் சொட்ட உள்ளே போனேன்.
நான்காம் வார்த்தை நடந்துகொண்டிருந்தது,
இரட்சணிய சேனைக் கேப்டன்.
அவர் முரசு கறுப்புத் துணி மூடி மூலையில்.
வெளியே இருக்கும் முரசை யார் மூடுவது?

முன்வரிசையில் செங்கோல் மேரி.
காலையில் மலைப்படியில் பதினான்கு நிலையும் முழந்தாளிட்டவள்,
மாலை மறுபடி தன் கோயிலுக்குப் போவாள்.
அங்கே இன்று மணி ஊமை, மரக்கட்டைதான் தட்டுவார்கள்,
சிலுவையை முத்தமிட வரிசை நிற்கும்.
ஞானாதிக்கம் ஐயர் கோயிலில் முத்தமிட ஒன்றும் இல்லை.
வெறும் சுவர், நல்ல சுண்ணாம்பு.
பெந்தெகொஸ்தே பாஸ்டர் இளநீலச் சட்டையில் வந்திருந்தார்.
கல்லறை காலி, கறுப்பு எதற்கு என்பார்;
ஆனால் நேற்று இரவிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் இறங்கவில்லை.
அட்வென்டிஸ்ட் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்,
பொழுது சாய்ந்தால் அவருக்கு ஓய்வுநாள்,
அதற்குள் சோறு பொங்கி அடுப்பு அணைய வேண்டும்.

பீடத்தில் தாளை விரித்தேன்.
நான்கு பக்கமும் நீலம்.
ஆறு கடலில் கலக்கும் இடம்போல, ஓர் எழுத்துக்கும் கரை இல்லை.
முந்தானையிலிருந்து பலகைத் தரையில் சொட்டுவது
எல்லோருக்கும் கேட்டது.

எழுதாத ஒன்றைச் சொன்னேன்.
செங்கோல் மேரியின் வேதத்தில் அவருக்குத் தாகம் இருக்கிறது.
எங்களுடையதில் அவரே தாகமாக இருக்கிறார்.
இருப்பு எது, ஆள் எது என்று
கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
தெரியவில்லை.
இறங்கிவிட்டேன், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.
பாஸ்டர் மட்டும் தரையில் தேங்கியதைப் பார்த்தார்,
பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பேசாமல் கலைவது வழக்கம்.
வாசற்படியில் அந்தச் சிறுமி, கிண்ணம் காலி.
கோயில் குழாயில் பிடித்துக்கொள்ளலாமா?
கோயில்குட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தார்,
எந்தச் சபையிடம் உத்தரவு வாங்குவது?
யாரோ திறந்தார்கள்.
ஊரே இறைத்துத் தீர்த்த நாள்.
குழாய் இருமியது, காற்று விட்டது, மறுபடி இருமியது.
கிண்ணத்தை அடியில் பிடித்தபடி அவள் நகரவில்லை.
நாங்களும்.
டாக்டர்கூட மணி பார்க்கவில்லை.
என் புடவை ஓரத்திலிருந்து காயத் தொடங்கியிருந்தது.